உள்மதிப்பெண் 40: பெயரை மறைத்துத் திருத்து!

சங்கராபுரத்திலோ கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்த ஒரு மாணவி, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரிக்குள் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் முதல் பட்டதாரி. மின்னணுவியல் துறையில் மூன்றாம் செமஸ்டரில் ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ வரும். ஃபூரியர், லாப்லாஸ், எல்லாமே ஆங்கிலத்தில். அதையும் உழைத்துப் படித்துவிடுவாள். மதிப்பெண் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் இணைப்புக் கல்லூரிகளின் தியரி தாள்களுக்கு உள்மதிப்பீடு 20, இறுதித் தேர்வு 80. 2021 ஒழுங்குமுறையில் அது 40, 60 ஆனது. இறுதித் தேர்வு விடைத்தாளில் பெயர் கிடையாது. உள்மதிப்பெண் போடுபவருக்கோ பெயர் தெரியும், ஊர் தெரியும், உதவித்தொகைப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

“ஆசிரியர்கள் சாதி பார்ப்பதில்லை” என்பார்கள். ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற ஆய்வாளர்கள் இந்தியாவில் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். குழந்தைகளின் விடைத்தாள் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ‘கீழ்ச்சாதி’ என்று எழுதப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. வேறுபாடு சிறியதுதான். ஆனால் அது முக்கியமாக வெளிப்பட்டது ‘கீழ்ச்சாதி’ ஆசிரியர்களின் திருத்தத்தில்! ஆகவே இது நாலு கெட்ட ஆசிரியர்களின் கதையல்ல. சாதி எல்லோர் தலைக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் மதிப்பீட்டில் சந்தித்த பாகுபாட்டை 2007இலேயே தோரட் குழு பதிவு செய்துவிட்டது.

அப்படியானால் உள்மதிப்பீட்டையே ஒழித்துவிடலாமா? கூடாது. ஒரு சிக்னலை அறியப் போதுமான மாதிரிகள் வேண்டும் என்று இதே பாடம்தான் சொல்லித் தருகிறது. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றை மட்டும் வைத்து ஒரு மாணவியை எடை போடுவதும் அநீதியே. ஆங்கிலம் தடுக்கி முதல் தேர்வில் விழுந்தவள், அடுத்ததில் எழுந்து நிற்க உள்மதிப்பீடு வழி தருகிறது. அந்த வழியில் சாதி காவலுக்கு நிற்கக் கூடாது என்பதே நம் வாதம்.

கேட்பது பெரிதல்ல. உள்தேர்வுத் தாள்களுக்கும் எண் கொடுத்துப் பெயரை மறை. ஒப்படைவுக்கும் செமினாருக்கும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டு. திருத்திய தாளை மாணவர் கையில் கொடு. கணக்கைச் சரியாகப் போட்டவரின் ஆங்கில வாக்கியப் பிழைக்கு மதிப்பெண் வெட்டாதே. மறுமதிப்பீடு கேட்டால், அதே ஆசிரியரிடம் அனுப்பாமல் வேறொருவரைத் திருத்தச் சொல்.

இதற்குக் கோடிகள் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். இறுதித் தேர்வில் பெயரை மறைப்பது நேர்மை என்றால், உள்தேர்வில் மறைக்க ஏன் தயக்கம்? உங்கள் கல்லூரி முதல்வரிடம் இந்தக் கேள்வியை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், தோழர்களே. தனியாக அல்ல, வகுப்பே கையெழுத்திட்டு.