காவல் கூலியில் நமக்கும் பங்கு உண்டு



சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை கூடியிருந்த நேரம். என் கடைக்குப் பல ஆண்டுகளாகப் பற்று வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்தார். மல்லாட்டை பிடுங்கியதும் கணக்கைத் தீர்ப்பது அவர் வழக்கம். அன்று வெறுங்கையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"என்ன பெரியவரே, காய் பிடுங்கியாச்சா?" என்றேன்.

"நான் எங்கே தம்பி பிடுங்கினேன்? பன்னி பிடுங்கிடுச்சி. மூணு ராத்திரி. ஏர் ஓட்டின மாதிரி உழுதுட்டுப் போயிடுச்சி" என்றார்.

பேரேட்டில் அவர் பெயரில் நின்ற பாக்கி ரூ.11,400. "அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு பேரேட்டைப் புரட்டினேன். காட்டோரக் கிராமங்களைச் சேர்ந்த வேறு நான்கு குடும்பங்களின் பக்கங்களும் அதே காரணத்தால் அப்படியே நின்றன. அந்தப் பக்கங்கள்தாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

காட்டு விலங்குக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேரளத்தில் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளையும் மளிகைக் கடைகளையும் உடைத்து அரிசி தின்ற யானைக்கு மக்கள் வைத்த பெயர் அரிக்கொம்பன். 2023 ஏப்ரல் 29 அன்று அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, அது நம் தேனி மாவட்டத்துக் கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஊரில் 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. ஜூன் 5 அன்று நமது வனத்துறையினர் அதைப் பிடித்தார்கள். விலங்கு நேராகக் கடைக்கு வந்த கதை அது. நம் ஊரிலோ அது வேறு வழியில் வருகிறது. முதலில் வயலுக்கு வருகிறது, பிறகு நம் பேரேட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது நம் ஊர். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை மலைமக்கள் புளியும் சாமையும் கொண்டு இறங்கி வருவதும், உப்பும் எண்ணெயும் வாங்கி ஏறிப் போவதும் நம் கடைத்தெருவில்தான். கீழே இருக்கும் நிலங்கள் பல இடங்களில் காப்புக்காட்டின் ஓரம் வரை போய் முட்டுகின்றன. காட்டுப்பன்றி, மான், குரங்கு, மயில் ஆகியவற்றுக்கு வேலியும் இல்லை, எல்லையும் தெரியாது. காய் முற்றும் பருவத்தில் மண்ணுக்குள் இருக்கும் மல்லாட்டையைப் பன்றி மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். கூட்டமாக வந்தால் ஓர் இரவு போதும்.

முற்காலத்தில் இதற்கு ஒரு மருந்து இருந்தது. அதுதான் காவல். காய் முற்றத் தொடங்கியதும் பரண் கட்டுவார்கள். வீட்டில் ஒருவர் இரவெல்லாம் பரண்மேல் விழித்திருந்து, தகர டப்பாவைத் தட்டுவார், தீ மூட்டுவார், குரல் கொடுப்பார். வயலுக்கு வயல் குரல் போகும். அதற்குத் தனிக் கூலி கிடையாது. பிள்ளைகளின் உழைப்புதான் கூலி.

இன்று அந்தப் பிள்ளைகள் எங்கே? விடியற்காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் உண்டு. பெங்களூரில் தங்கிவிட்டவர்களும் உண்டு. பகலெல்லாம் கம்பெனியில் நின்று வேலை செய்த பெண்ணையோ பையனையோ இரவில் பரணில் ஏற்ற முடியுமா? அவர்கள் கொண்டுவரும் சம்பளம்தானே நம் கடைகளிலும் செலவாகிறது! ஆகவே அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் பரண் காலியாகிவிட்டது என்பது உண்மை. அறுபது வயதைக் கடந்தவர்கள் மட்டுமே வயலில் மிஞ்சியிருக்கிறார்கள்.

காலியான பரணுக்குப் பதிலாக என்ன வருகிறது தெரியுமா? திருட்டு மின்வேலி. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சிவிட்டுத் தூங்கப் போவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் போட்ட ஒரு கம்பியில் மூன்று யானைகள் ஒரே இரவில் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. கம்பி போட்ட விவசாயி சிறைக்குப் போனார். யானை மட்டுமா? விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இத்தகைய கம்பியில் உயிர் விட்ட செய்திகளை நாம் படிக்காத ஆண்டு உண்டா? மின்வேலி அமைப்பதைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023-இலேயே தமிழக அரசு விதிகள் வகுத்துவிட்டது. அனுமதியோடு போடும் சூரிய சக்தி வேலி வேறு. வீட்டு லைனிலிருந்து இழுக்கும் கம்பி வேறு. பின்னது கொலைக்கருவி.

இன்னொன்று அவுட்டுக்காய். பழத்துக்குள் நாட்டு வெடியை வைத்து விலங்கைக் கடிக்கச் செய்வது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர் விட்டதை நாடே கண்டு கலங்கியது.

கட்டுக்கம்பியை விற்பது யார்? நாம்தான். பண்டத்தை விற்பது குற்றமன்று. ஆனால் காட்டோரத்து விவசாயி அறுவடைக்கு முன் திடீரென்று கம்பிச் சுருள் கேட்டால், "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பது வணிகனின் கடமை என்பது என் கருத்து. கேட்பதோடு நின்றால் போதாது. "கம்பி வேண்டாம், காவல் போடுங்கள், கூலியில் பாதி எங்களுடையது" என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

"பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டதே, இனி என்ன?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் வந்த முடிவை முழுமையாகப் பார்க்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் சுடலாம். நம் பகுதியில் அதிகம் அடிபடும் நிலமோ காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டர் நிலம். ஆகவே நம் விவசாயிக்கு இந்த ஆணையால் துப்பாக்கி வரப்போவதில்லை. அவருக்கு மிஞ்சியது காவல் ஒன்றே.

இனி கணக்குக்கு வருவோம். வணிகனுக்குக் கணக்குதானே மொழி!

காட்டை ஒட்டி அடுத்தடுத்து இருக்கும் 20 ஏக்கர் மல்லாட்டையை எடுத்துக்கொள்வோம். இரண்டு காவலர்கள். இரவுக்கு ஆளுக்கு ரூ.500. காய் முற்றியதிலிருந்து பிடுங்கும் வரை 25 இரவுகள். மொத்தம் ரூ.25,000. ஏக்கருக்கு ரூ.1,250 விழுகிறது. 2025–26 பருவத்துக்கு வேர்க்கடலைக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,263. அந்த விலையில் பார்த்தால் ஏக்கருக்குச் சுமார் 17 கிலோ காய். 40 கிலோ மூட்டையில் பாதிகூட இல்லை! பன்றிக் கூட்டம் ஓரிரவில் அதைவிட அதிகம் அழித்துவிடும்.

இதில் பாதியை, அதாவது ரூ.12,500-ஐ, விவசாயிகள் அறுவடையில் கொடுக்கட்டும். மறுபாதியை அந்தக் கிராமத்தில் பற்று வைத்திருக்கும் மளிகைக் கடை, உரக்கடை, மண்டி என ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ரூ.2,500. ஒரே ஒரு பெரியவரின் பக்கத்தில் எனக்கு நின்றுபோனது ரூ.11,400. எது லாபம்? இது தர்மக் கணக்கன்று, வணிகக் கணக்கு. சரக்கு லாரிக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். கடனாகக் கொடுத்த சரக்கு திரும்பி வரும் வயலுக்கு ஏன் காவல் கூலி கொடுக்கக் கூடாது?

இது புதிய யோசனையும் அன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒவ்வோர் ஆண்டும் ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வருகின்றன. அவற்றைத் திருப்பி அனுப்புவது அங்கே வனத்துறைக்குப் பருவகால வேலையாகவே ஆகிவிட்டது. வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு 2011 முதல் நடந்துவருகிறது. செய்தி முந்தினால் ஆபத்து பிந்தும். நம் ஊரில் செய்தி நிலையம் எது? கடைதான். நேற்றிரவு பன்றி எந்தப் பக்கம் இறங்கியது என்பது காலை பால் வாங்க வருபவர் வாயால் முதலில் நமக்குத்தான் தெரிகிறது. அதைக் காவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

ஆயினும் சில நிபந்தனைகள் அவசியம். தனி வயலுக்குக் காவல் போட்டால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும். அண்ணன் தம்பிக்குள் சண்டைதான் மிஞ்சும். ஆகவே காட்டோரம் முழுவதற்கும் சேர்த்தே காவல் வேண்டும். காவலர் தனியாகப் போகக் கூடாது. இருவராகவே போக வேண்டும். மது அருந்திய ஆளுக்கு இடம் இல்லை. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே துர்க்கம் கிராமத்தில் ஓர் இளம்பெண் சிறுத்தைக்கு இரையானதை மறந்துவிடக் கூடாது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திரக் கவுண்டின்யா காட்டு யானைகள் இறங்குவது போல நம் பக்கம் யானையோ சிறுத்தையோ தென்பட்டால், அதை விரட்டுவது நம் காவலர் வேலையன்று. ஒதுங்கி நின்று வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதே அவர் வேலை.

காவலர் உயிருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.20 கட்டினால் விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். ஒரு கிலோ உப்பு விலை! அதை நாமே கட்டிவிடலாம்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அல்லவா?" என்ற கேள்வி நியாயமானதே. பயிருக்கு இழப்பீடு உண்டு, உயிரிழப்புக்கு ரூ.10 லட்சம் என்று அரசு உயர்த்தியும் இருக்கிறது. அவற்றைக் கேட்டுப் பெற விவசாயிக்கு மனு எழுதிக் கொடுப்போம். கூடுதல் காவலர்களை நியமிக்கச் சங்கத்தின் மூலம் வற்புறுத்துவோம். ஆனால் மனு பகலில் நடக்கிறது. பன்றி இரவில் வருகிறது. இழப்பீடு வருவதற்குள் விவசாயி வட்டிக்கடையில் நின்றுவிடுகிறார். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கவும் அவரால் முடிவதில்லை. பிறகு நிலத்தைத் தரிசாகப் போடுகிறார். தரிசு நிலத்திலிருந்து எந்தக் கடைக்கும் வியாபாரம் வராது.

கடைசியாக, நம் வீட்டையும் நாம் பெருக்க வேண்டும். அழுகிய தக்காளியையும் முட்டைகோஸ் இலையையும் ஆற்றங்கரையில் கொட்டுகிறோம். குரங்கையும் பன்றியையும் ஊருக்கு அழைக்கும் அழைப்பிதழ் அது. கொட்டுவதை நிறுத்தினாலே பாதி விருந்தாளிகள் குறைவார்கள்.

ஆடிப்பட்டம் விதைத்த பிறகு கூடும் முதல் சங்கக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன். முதலில் ஒரே ஒரு கிராமம், ஒரே ஒரு பருவம் செய்து பார்ப்போம். என் பங்கு ரூ.2,500-ஐ இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். வரும் ஐப்பசியில் அந்தப் பெரியவர் என் திண்ணையில் உட்காரும்போது, அவர் பக்கத்தில் வரவு எழுத வேண்டும் என்பதே என் ஆசை.

பரண்மேல் ஒரு விளக்கு எரிந்தால் நம் கடையிலும் விளக்கு எரியும். சிந்திப்போம், செயல்படுவோம்!