வடகோடிக் கடற்கரையில் ஒரு கூடாரம்

"இந்தக் கோடை லீவுக்குக் கூடாரத்தை எடுத்துக் கொண்டு கடற்கரைக்குப் போய் விடலாமா?" என்று உங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டு வேளையில் கேட்டால், உடனே "ஆகா!" என்று தலையை ஆட்டி விடாதீர்கள். "அங்கே யார் சமைப்பது?" என்று முதலில் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. எடின்பரோவில் நாங்கள் குடித்தனம் போட்ட மூன்றாம் வருஷம் அது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் டர்னஸ் என்று ஒரு கிராமம். அதற்கு வடக்கே ஆர்க்டிக் வரைக்கும் வெறும் கடல்தான். படத்தில் பார்த்தால் வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீருமாக ஏதோ வெப்ப நாட்டுத் தீவு மாதிரி இருக்கும். அதைக் கண்டு மயங்கிப் புறப்பட்டோம். ஒரு வாரம் இருப்பதாக ஏற்பாடு. மூன்றாம் நாளே திரும்பி விட்டோம், நனைந்த படுக்கையும், பாதி வெந்த சாதமும், ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பெரியவர்களுமாக!

மறு வருஷம் ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். "மறுபடியும் அங்கேயே போகலாம்" என்று இவர் ஆரம்பித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாமியார் குறுக்கிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்மா, போன தடவை ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வெளியே போக வேண்டியிருந்தால் யார் எழுந்து கூட்டிக் கொண்டு போனீர்கள்?"

நான்தான். மழையில், டார்ச் விளக்கோடு, இருநூறு அடி நடந்து. ஒவ்வொரு ராத்திரியும்! இவர் அசந்து தூங்கிக் கொண்டிருந்தார். மாமியார் கேட்கும் வரையில் அது ஒரு வேலை என்றே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி சமையலறை மேஜையில் ஒரு காகிதத்தை விரித்துக் கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். அப்போது தெரிந்து கொண்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். முகூர்த்தத்துக்கு அல்ல, பூச்சிக்கு! அந்தப் பக்கத்தில் மிட்ஜ் என்று ஒரு பொடிப் பூச்சி. கொசுவைக் காட்டிலும் மிகச் சிறியது. கூட்டம் கூட்டமாக வரும். மே கடைசியில் தலை காட்டி, ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போகும். கடிப்பது பெண் பூச்சி மட்டும்தான் என்று படித்து விட்டு இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் பூச்சிக்கு முட்டையிட ரத்தம் வேண்டியிருக்கிறது, பாவம், வேலைக்காகத்தானே வருகிறது என்றேன். காற்று மணிக்கு ஏழு மைலுக்கு மேல் அடித்தால் அதனால் பறக்க முடியாது. ஆகையால் கூடாரத்தைக் காற்றே இல்லாத பள்ளத்தில் போடாதீர்கள். ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூடங்கள் ஜூன் கடைசி வாக்கில் மூடுகின்றன. மூடிய உடனே புறப்பட்டு விடுவது உத்தமம். அப்போது அங்கே ராத்திரி பத்தரை மணிக்குத்தான் சூரியன் அஸ்தமிக்கும். விடியற்காலை நாலேகாலுக்கெல்லாம் மறுபடி வந்து நிற்கும். குழந்தைகளைத் தூங்க வைக்க ஒரு கறுப்புத் துணியை மறக்காமல் எடுத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது பாதை. எடின்பரோவிலிருந்து சுமார் 250 மைல். ஒரே மூச்சில் போனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தைகளை வைத்துக் கொண்டு ஒரே மூச்சில் யார் போவது? நாங்கள் இன்வர்னஸில் ஒரு ராத்திரி தங்கினோம். கடைசிப் பெரிய கடைவீதியும் அதுதான் என்று வைத்துக் கொள்ளுங்கள். டர்னஸில் கடை உண்டு. ஆனால் நாம் நினைத்த சாமான் நினைத்த நேரத்தில் அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. லெயர்க் என்ற ஊரைத் தாண்டினால் பெரும்பாலும் ஒற்றை வண்டிப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்காக அங்கங்கே சற்று அகலமாக இடம் விட்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்க அங்கே காரை நிறுத்தி வைக்கக் கூடாது. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் சிறு வயதில் கோடை லீவுக்கு டர்னஸில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்து போனவர். 1969ல் தம் மனைவி யோகோவையும் குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு அதே பக்கம் வந்தபோது, எதிரே கார் வரக் கண்டு தடுமாறி வண்டியைப் பள்ளத்தில் இறக்கி விட்டார். எல்லோரும் கோல்ஸ்பி ஆஸ்பத்திரியில் சேரும்படி ஆயிற்று! புகழ் வேறு, ஒற்றைப் பாதையில் கார் ஓட்டுவது வேறு.

கூடாரம் எங்கே அடிப்பது? ஸ்காட்லாந்தில் 2003ஆம் வருஷச் சட்டப்படி, வேலியடைத்த பயிர் நிலம், வீட்டுத் தோட்டம் இவற்றைத் தவிர்த்துப் பெரும்பாலான திறந்த வெளிகளில் சின்னக் கூடாரம் போட்டுக் கொள்ளலாம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. குப்பை ஒரு துணுக்கும் மிஞ்சக் கூடாது. இந்த உரிமை காருக்கு இல்லை. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் குளியலறையும் குழாயும் உள்ள முகாம் மைதானத்தைத் தேடுவதே புத்திசாலித்தனம். டர்னஸில் பாறை உச்சியில், கீழே கடல் தெரிய அப்படி ஒரு மைதானம் இருக்கிறது. நாங்கள் முதல் வருஷம் கடல் நன்றாகத் தெரிகிறதே என்று விளிம்போரமாகக் கூடாரம் போட்டோம். நடு ராத்திரி காற்று நாலு முளைகளைப் பிடுங்கிக் கொண்டு போயிற்று. மறு வருஷம் விளிம்பை விட்டுத் தள்ளி, கார் மறைவில் போட்டோம். நீள முளைகளாக ஒரு டஜன் அதிகமும் வாங்கிக் கொண்டோம். குளியலறையிலிருந்து முப்பது அடிதான். மாமியாரின் கேள்விக்கு அது பாதிப் பதில். மீதிப் பாதி, ராத்திரி எழுந்திருக்கும் முறை இவருடையது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியது!

மாமியாருக்குக் கிராமத்திலேயே ஒரு விடுதியில் அறை எடுத்தோம். மார்ச் மாதமே எழுதிப் போட்டதால் கிடைத்தது. "கூடாரத்தில் எல்லோரும் இருக்க நான் மட்டும் கட்டிலிலா?" என்று முதலில் முரண்டு பண்ணினார். முதல் நாள் காற்றைப் பார்த்ததும் பேச்சு நின்று விட்டது. சின்னவள் அவரோடு படுத்துக் கொண்டாள். ஜூலை மாதத்திலும் அங்கே பகலில் பதினைந்து, பதினாறு டிகிரிதான். ராத்திரி பத்துக்குக் கீழே இறங்கும். பருத்தித் துணி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் கொண்டு குளிர வைக்கும், கம்பளிதான் சரி. மாமியார் புடைவைக்குள்ளே கம்பளிக் கால்சட்டையும் காலில் ரப்பர் பூட்ஸுமாக மணலில் நடந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். காற்றில் காஸ் அடுப்பு வைத்துச் சாதம் வடிப்பது தவம் செய்வதற்குச் சமம். அதற்காக அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டு போய் விடாதீர்கள். நெருப்பு பயம் ஒரு புறம். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்ஸைடு ஒரு புறம். தூக்கத்திலேயே ஆளைக் கொன்று விடும். வீட்டிலேயே ரவையை வறுத்துத் தாளித்து டப்பாவில் அடைத்துக் கொண்டால், அங்கே வெந்நீர் ஊற்றிக் கிளற வேண்டியதுதான் பாக்கி. அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் இவ்வளவும் இருந்தால் ராஜ போஜனம். காலைக் காப்பியும் ரொட்டியும் இவர் பொறுப்பு. பாத்திரம் தேய்ப்பது பெரியவன். இரண்டு ராத்திரி வெளியில் சாப்பாடு என்று முன்கூட்டியே பணம் ஒதுக்கினோம். அதைச் செலவு என்று எண்ணாதீர்கள், அது உங்கள் லீவு.

கடலைப் பற்றித்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடையிலும் அந்தத் தண்ணீர் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி. திடீரென்று குதித்தால் மூச்சு அடைத்து விடும். காவலுக்கு ஆள் கிடையாது. இன்னொரு ஆபத்து எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. அங்கே அநேகமாகத் தென்மேற்குக் காற்றுதான் வீசும். வடக்குப் பார்த்த கரையில் தென்மேற்குக் காற்று என்றால், அது தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. கரையோரம் அலையே இல்லாமல் சாதுவாக இருக்கும். ரப்பர் மிதவையில் குழந்தை உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் எட்டாத தூரம்! முதல் வருஷம் எங்கள் காற்றுப் பந்து அப்படித்தான் போயிற்று. அதன் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிய பெரியவனின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்தேன். அந்தப் பந்து ஒரு புள்ளியாகி மறைகிற வரைக்கும் என் கை காலரை விடவில்லை. மறு வருஷம் ஊதி மிதக்க விடும் சாமான் ஒன்றும் வண்டியில் ஏறவில்லை. ஆபத்தென்றால் 999ஐக் கூப்பிட்டு "கோஸ்ட்கார்ட்" என்று கேட்க வேண்டும். ஆனால் கைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது. எங்கே எடுக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்.

பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஸ்மூ குகைக்குள் ஓர் ஆறு அருவியாகக் கொட்டுகிறது. ராத் முனைக்குப் படகிலும் சிறு பஸ்ஸிலுமாகப் போனால், புதையல் தீவு எழுதிய ஸ்டீவன்ஸனின் பாட்டனார் 1828ல் கட்டிய கலங்கரை விளக்கம். அங்கே ராணுவம் குண்டு போட்டுப் பயிற்சி செய்கிற நாட்களில் போக முடியாது. விசாரித்துக் கொண்டு கிளம்புங்கள். மாமியாருக்குப் பிடித்ததோ கேன்னபீன் என்ற பாழூர். 1841ல் குடிகளை வெளியேற்ற உத்தரவு வந்தபோது, ஊர்ப் பெண்கள் முன்னால் நின்று எதிர்த்தார்களாம். மறு வருஷம் ஊர் காலியாகி விட்டது. இன்று சுவர்க் கற்கள்தான் மிச்சம். மாமியார் ஒரு வீட்டின் அடுப்படி இருந்திருக்கக் கூடிய மூலையில் வெகு நேரம் நின்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் காகிதத்தில் என் பெயருக்கு எதிரே "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தது. பல்னகீல் கரைக்குத் தனியாக நடந்து போனேன். இரண்டு மணி நேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் "அம்மா!" என்று கூப்பிடவில்லை.

ஒன்று சொல்ல மறந்து விட்டேனே! துணி உலர்த்தக் கயிறும், இரண்டு டஜன் கிளிப்பும் எடுத்துப் போங்கள். மரக் கிளிப் வேண்டாம். அந்தக் காற்றுக்கு நிற்காது.