கிறிஸ் ராபர்ட்ஸ் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



1990-ஆம் ஆண்டில் ‘விங் கமாண்டர்’ என்னும் விளையாட்டைப் படைத்து, விண்வெளிப் போரைக் கணிப்பொறித் திரைக்குள் கொண்டுவந்து நிறுத்திய தங்கள் மேதைமையில் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறைந்துவிடவில்லை. ஆயினும், தங்களை நம்பிப் பணம் அளித்தவர்களில் பலர் கணக்குக் கேட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்டும் தனித்தனியே விடுத்த விண்ணப்பங்கள் அவர்கள் மனம் ஆறும்படியான பதிலைப் பெறாத நிலையில், விஷயத்தைப் பகிரங்கமாகவே தங்கள்முன் வைக்கத் துணிகிறேன்.

2012 நவம்பரில், ‘ஸ்டார் சிட்டிஸன்’ விளையாட்டுக்கென 60 லட்சம் டாலருக்கு மேல் பொதுமக்களிடம் திரட்டிய தறுவாயில், தாங்கள் சொந்தப் பெயரிலேயே ஒரு பிரதிக்ஞை செய்தீர்கள். முதல் போடும் பிரசுர நிறுவனத்துக்கு எந்த மரியாதையைக் காட்டுவோமோ, அதே மரியாதையைப் பணம் தந்த சாமானியருக்கும் காட்டுவோம் என்பது அதன் சாரம். விளையாட்டு 2014-இல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தாமதத்தை நான் பெரிதுபடுத்த வரவில்லை. சிருஷ்டி விரியும்போது காலமும் நீளத்தான் செய்யும்.

2017 ஜூனில் நடந்ததைத்தான் மன்னிக்க இயலவில்லை. ஜனங்கள் தந்த தொகை ஏறத்தாழ 15 கோடி டாலரை எட்டியிருந்த அந்த வேளையில், அதே திட்டத்தின் மற்றொரு விளையாட்டான ‘ஸ்குவாட்ரன் 42’-ஐ உருவாக்கி வந்த தங்கள் பிரிட்டிஷ் கம்பெனிகள், தம் சொத்துக்களை ஈடு காட்டிக் கூட்ஸ் வங்கியில் கடன் பெற்றன. பணம் தந்தவர்கள் இதைத் தங்கள் வாயிலாக அறியவில்லை. பிரிட்டனின் கம்பெனிப் பதிவேட்டில் ஈட்டுப் பத்திரம் ஏறியிருப்பதைக் கண்டே அறிந்தார்கள். எங்கும் அதுவே பேச்சான பிறகு விளக்கம் வந்தது: அரசாங்கம் இத்தொழிலுக்குத் தரும் வரிச்சலுகைத் தொகை மறுவருஷந்தான் கைக்கு வரும், அதன்மேல் பெற்ற முன்பணமே இது, பிற நாணயங்களை அநாவசியமாகப் பவுண்டாக மாற்றுவதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு, ‘ஸ்டார் சிட்டிஸன்’ ஈட்டில் சேரவில்லை என்று.

அவ்வளவும் உண்மையென்றே ஒப்புக்கொள்கிறேன். வரவேண்டிய தொகையின்மேல் கடன் வாங்குவது வியாபாரத்தில் சகஜம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பிரசுர நிறுவனம் ஒன்று முதல் போட்டிருந்தால், அந்தப் பணத்தில் நடக்கும் கம்பெனியின் சொத்தை, அதனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வங்கியில் ஈடு வைத்திருப்பீர்களா? பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். அவர்களுக்கு வக்கீல்கள் உண்டு. பணம் தந்த சாமானியருக்கு உங்கள் வாக்கைத் தவிர வேறென்ன இருந்தது? கெடு கடந்தும் விளையாட்டு வராவிட்டால் செலவாகாத பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று முதலில் எழுதிக்கொடுத்த நிபந்தனையைக்கூட 2016-இல் மாற்றி எழுதிவிட்டீர்களே!

2018 முதல் வரவுசெலவுச் சுருக்கம் வெளியிடுகிறீர்கள், அது போதாது. யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறீர்கள், எதை ஈடு வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ளும் நிலையில் பணம் தந்தவர்களை இனியும் வைக்காதீர்கள். ‘ஸ்குவாட்ரன் 42’ 2026-இல் வரும் என்று 2024-இல் அறிவித்தீர்கள். அது வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் பணம் தந்தவர்களிடம் சொல்லுங்கள். அந்த மரியாதையை அவர்களாக உங்களிடம் யாசிக்கவில்லை. தருவதாகச் சொன்னவர் நீங்கள்.