கைதட்டினால் பறக்காது!

இந்தச் செய்தியை நீங்கள் கட்டாயம் படித்திருப்பீர்கள். ‘பைக் இன்ஜினில் விமானம்... பத்தாம் வகுப்பு வாலிபர் சாதனை!’ பக்கத்தில் ஒரு கலர் படம். அலுமினியக் குழாய், இழுத்துக் கட்டிய துணி, சின்னச் சின்னச் சக்கரம், நடுவில் சிரித்தபடி அந்தத் தம்பி. ஊர் கூடி நிற்கும். உள்ளூர் பிரமுகர் சால்வை போடுவார். ‘அரசு உதவுமா?’ என்ற கேள்வியோடு செய்தி முடியும். நாமும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘நம்ம ஆளுங்களுக்கு மூளை இருக்குதுங்க, மதிக்கத்தான் ஆளில்ல’ என்று ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவோம்.

அதோடு நம் கடமை முடிந்தது.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த வண்டியின் போல்ட்டை ரெண்டாவது மாசம் யார் முறுக்குவார்கள்? முறுக்கியது சரிதான் என்று யார் பார்த்துச் சொல்வார்கள்?

இது குதர்க்கமான கேள்வி இல்லை. உயிர் போகிற கேள்வி. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 24 வயது வெல்டர் ஒருவர் தானே செய்த ஹெலிகாப்டரைத் தரையில் ஓடவிட்டுச் சோதித்தார். வால் பக்க விசிறி உடைந்தது. அது போய் தலைக்கு மேல் சுற்றிய பெரிய விசிறியில் மோத, அந்த அடி அவர் மேலேயே இறங்கியது. செத்துப்போனார். செல்போன் வீடியோ மட்டும் நாடு முழுக்கச் சுற்றியது. படம் பிடிக்க ஆள் இருந்தது. ‘தம்பி, ஸ்டார்ட் பண்ணாதே, அந்த வால் விசிறியை முதலில் கழற்றிப் பார்ப்போம்’ என்று சொல்ல விவரம் தெரிந்த ஒரு ஆள் இல்லை.

அந்த ஆள் ஏன் இல்லை என்பதுதான் என் கோபம்.

*

நான் பி.காம். படித்தவன். விமானத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு நோட்டு தெரியும் சார். வெளிநாட்டில் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறவர்களின் கதைகளைத் தேடிப் படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான்: விமானம் பாதி இரும்பு, பாதி நோட்டு. லாக் புக் என்கிறார்கள். என்றைக்கு எத்தனை மணி நேரம் பறந்தது, எந்த நட்டு மாற்றியது, எந்தக் குழாய் கழற்றியது, யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது எல்லாம் அதில் வரிசையாக ஏற வேண்டும். தணிக்கை ஆகாத கம்பெனியில் நீங்கள் பணம் போட மாட்டீர்கள். தணிக்கை ஆகாத விமானத்தில் ஒரு தம்பி உயிரைப் போடுவதற்கு மட்டும் கைதட்டுகிறீர்கள்.

ஒரு உதாரணம். சின்ன விமானங்களில் பரவலாக மாட்டுவது ஆஸ்திரியாவில் தயாராகும் ரோடாக்ஸ் 912 இன்ஜின். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை முழுசாகச் சோதிக்க வேண்டும். ரப்பர் குழாய்களை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அஞ்சு வருஷமும் வண்டி ஷெட்டிலேயே நின்றிருந்தாலும் மாற்ற வேண்டும். ரப்பருக்கு ஓடினால்தான் வயசாகும் என்று கிடையாது.

இன்னொன்று. அந்த இன்ஜினுக்கு 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரைதான் கம்பெனி அனுமதி. இன்றைக்கு நம்ம ஊர் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும், சிலவகை ஃபைபர் டாங்க்கின் பசையை இளக்கும், ஈரத்தை இழுக்கும். பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். 500 அடி உயரத்தில் எதைத் தள்ளுவது?

*

சரி, பராமரிப்பு இப்படி. அடுத்தது மாற்றம் செய்வது. ‘ஆல்டர் பண்றது’ என்று பட்டறையில் சொல்வார்களே, அது. இதில் கொங்கு நாட்டுக்காரனை அடிக்க ஆள் கிடையாது.

ஈரோடு, பள்ளிபாளையம் பக்கம் தறிப் பட்டறைகளைப் போய்ப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடுகிற மெஷின் எத்தனை இருக்கும்? ஒரு பல்சக்கரம் மாற்றியிருப்பார்கள், ஒரு மோட்டார் இடம் மாறியிருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி, நாமக்கல் லாரி பாடி எல்லாம் இந்தக் கைப்பழக்கத்தில் வளர்ந்த தொழில்கள்தான். ‘ஏனுங்க, அதென்ன பெரிய விஷயம், லேத்துல குடுத்தா சாயங்காலம் ரெடி’ என்பார்கள். இந்த வார்த்தைதான் கோயமுத்தூரைக் கட்டியது. ஈரோட்டையும் கட்டியது. நான் அதைக் கேலி செய்யவே மாட்டேன்.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்ததும் இந்த வார்த்தையில்தான். அவர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த இன்ஜினைச் செய்தது யார் தெரியுமா? அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு வாரம். வீரப்பன்சத்திரத்தில் இன்றைக்கும் இதைச் செய்ய ஆள் இருக்கிறது.

ஆனால் தறியில் செய்கிற மாற்றம் தப்பானால் நூல் அறுந்துபோகும். விமானத்தில் அப்படி இல்லை. டி.வி.எஸ். 50 பின்னால் ரெண்டு மூட்டை வெங்காயம் கட்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் பேச்சைக் கேட்காது. விமானத்திலும் அதே கதை. பழைய இன்ஜினை எடுத்துவிட்டு வேறு எடையில் இன்ஜின் வைத்தால், பேட்டரியை வால் பக்கம் நகர்த்தினால், எடையின் மையம் நகர்ந்துவிடும். ரொம்பப் பின்னால் போனால் மூக்கு தூக்கிக்கொள்ளும். பைலட் அழுத்தினாலும் கீழே இறங்காமல் போகலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தராசில் நிறுத்திக் கணக்குப் போட்டுத்தான் ஏற வேண்டும்.

பைக் இன்ஜின் கதையும் அப்படித்தான். ரோட்டில் அது முழு வேகத்தில் ஓடுவது சில நிமிஷம். ஆகாயத்தில் முக்கால் சக்தியில் மணிக்கணக்காக உழைக்க வேண்டும். அது சுற்றுகிற வேகத்துக்கு விசிறியை நேராக மாட்டினால் விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். சத்தம்தான் வரும், இழுவை வராது. நடுவில் வேகம் குறைக்கும் பல்சக்கரப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியும் அதிர்வுக்குத் தாங்க வேண்டும்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியா கடலோரம் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது ‘லாங்-ஈஸி’ என்ற வகை. வீட்டில் கட்டப்பட்டது, இவர் வேறு ஒருவரிடமிருந்து வாங்கியது. எந்த டாங்க்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்புகிற வால்வை வடிவமைத்தவர் வைக்கச் சொன்ன இடம் பைலட்டின் கால்களுக்கு நடுவில். கட்டியவர் அதை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். பெட்ரோல் குழாய் உள்ளே வர வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வால்வைத் திருப்ப உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். திரும்பும்போது கால் தானாகப் பெடலை அமுக்கிவிடும். விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. ஒரு சின்ன ஆல்டரேஷன்!

‘பார்த்தீங்களா, அமெரிக்காவிலேயே சாகிறார்களே’ என்று யாராவது சொல்வார்கள். உண்மை, சாகிறார்கள். ஆனால் விசாரணை நடந்தது. எது எங்கே மாறியது என்று அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அடுத்து கட்டுகிறவன் வால்வைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பான். யவத்மால் தம்பியின் மரணத்திலிருந்து நம்ம ஊர்த் தம்பிகள் என்ன கற்றுக்கொண்டார்கள்? வீடியோவுக்கு லைக் போட்டார்கள்.

*

அமெரிக்காவில் பாதிக்கு மேல் வேலையை நீங்களே, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ செய்திருந்தால், ‘சோதனை விமானம்’ என்ற தலைப்பில் பதிவு செய்யலாம். உள்ளே பெரிய எழுத்தில், இது வழக்கமான விமானங்களுக்கான அரசு பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதது என்று பயணிக்கு எச்சரிக்கை ஒட்ட வேண்டும். வழக்கமாக முதல் 25 முதல் 40 மணி நேரம் குறித்துக் கொடுத்த பகுதிக்குள் மட்டும் பறக்க வேண்டும். பெரிதாக ஏதாவது மாற்றினால் எழுதிவைத்துவிட்டு மறுபடியும் சோதனை ஓட்டம். கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்தை மட்டும் வருஷா வருஷம் சோதித்துக் கையெழுத்துப் போட லைசென்ஸ் கிடைக்கும். இப்படி அங்கே சுமார் 30 ஆயிரம் விமானங்கள் பதிவில் இருக்கின்றன.

பிரிட்டனில் வேறு மாதிரி. இலகுரக விமானச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் ஆய்வாளர் கட்டும்போதே வந்து வந்து பார்ப்பார். வருஷத்துக்கு ஒருமுறை பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். மாற்றம் செய்ய முதலில் அனுமதி.

ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் அந்த நாட்டில் கொரோனா ஊரடங்கில் நான்கு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து உதிரிபாகங்களாக வரவழைத்தது. 2022-ல் பறந்தது. மகள் பெயர் தியா என்பதால் ‘ஜி-தியா’ என்றே பதிவெண் வாங்கினார். குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார்.

இங்கே? மும்பை பைலட் அமோல் யாதவ் தன் அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2011-லிருந்து பதிவுக்கு அலைந்தார். 2016-ல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் ஊரே பார்த்தது. 2017 நவம்பரில் பதிவெண். பறக்கும் அனுமதி 2019 அக்டோபரில். 2020-ல்தான் துலேயில் மேலே எழும்பியது. அவர் பதிவெண் என்ன தெரியுமா? வி.டி.-என்.எம்.டி. நரேந்திர மோடியின் முதலெழுத்துகளும் தேவேந்திர பட்னவிஸின் முதலெழுத்தும். உதவியதற்கு நன்றியாம்.

இதைத்தான் நான் சொல்கிறேன். அங்கே மகள் பெயர் வைக்கிறார்கள். இங்கே பிரதமர் பெயரும் முதல்வர் பெயரும் வைக்க வேண்டியிருக்கிறது. சட்டம் வேலை செய்கிற இடத்தில் சொந்தக்காரர்கள் ஞாபகம் வரும். சிபாரிசு வேலை செய்கிற இடத்தில் தலைவர்கள் ஞாபகம்தான் வரும். ஈரோட்டுத் தம்பி எந்த முதல்வரைத் தேடிப் போவான்?

இடுக்கிக்காரர் சஜி தாமஸ் பேசவோ கேட்கவோ முடியாதவர். அவர் கட்டிய சின்ன விமானம் 2014-ல் நம்ம மணிமுத்தாறில்தான் பறந்தது. எப்படி? ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அக்கறையோடு கூட நின்று, தானே ஓட்டிப் பார்த்தார். அனுபவசாலியின் ஒரு ஜோடிக் கண்! யவத்மால் தம்பிக்குக் கிடைக்காதது அதுதான்.

நமக்கு இது புது வியாதியும் இல்லை. 1952-ல் ஜி.டி. நாயுடு 2,000 ரூபாயில் ரெண்டு பேர் போகும் கார் கொண்டுவந்ததையும், லைசென்ஸ் இல்லாமல் அது நின்றுபோனதையும் கோயமுத்தூரில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. 1910-ல் சென்னை மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் சொந்த டிசைனில் விமானம் செய்து பல்லாவரத்தில் பறந்து காட்டினார். டிக்கெட் போட்டு ஊருக்குக் காட்டினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் வேடிக்கை பார்க்கிற கூட்டமாகவே நிற்கிறோம்.

*

‘தலையில் விழுந்தால்?’ என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயம். அதற்குத்தான் ஊரில்லாத இடத்தில் சோதனை ஓட்டம், தனி ஆளாகப் பறப்பது, ஆய்வாளர் கையெழுத்து. ‘பாதுகாப்புப் பிரச்னை’ என்பார்கள். யார், எங்கே, என்ன கட்டுகிறார் என்று பதிவேட்டில் இருப்பது பாதுகாப்பா, மாட்டுக்கொட்டகையில் ஒளித்துக் கட்டுவது பாதுகாப்பா? மனசு வைத்தால் எளிமையாக்க முடியும் என்பதற்கு 2021 டிரோன் விதிகளே சாட்சி. 25 படிவங்களை 5 ஆக்கினார்கள், 72 வகைக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள். 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2025 ஜனவரியில் புதுச் சட்டமே வந்துவிட்டது. ஆளில்லாத விமானத்துக்குக் காட்டிய கரிசனத்தில் பாதி, ஆள் உட்காருகிற விமானத்துக்கு வேண்டாமா?

வேண்டியது கோடிக்கணக்கில் பணம் இல்லை. சூலூரில் விமானப்படையின் 5-வது பழுதுபார்ப்பு டிப்போ இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் இருபது முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். கோவை வட்டாரக் கல்லூரிகளில் ஏரோநாட்டிகல் படித்துவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். லேத் இருக்கிறது, கை இருக்கிறது. இவர்களை இணைக்கிற ஒரு பதிவேடு, கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள சில ஆய்வாளர்கள், சோதனைக்கு ஒரு ஓடுதளம். கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை ‘வாலிபர் சாதனை’ செய்தி வந்தால் சால்வையை ஒரு நிமிஷம் மடித்துக் கையிலேயே வைத்திருங்கள். ‘தம்பி, நோட்டு எங்கே? யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது?’ என்று கேளுங்கள். இல்லை என்றால், சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போய் விவரம் தெரிந்த ஒரு ஆளின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கைதட்டுவதைவிடக் கதவு தட்டுவது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பையன் சாயங்காலம் உயிரோடு வீட்டுக்குப் போவான்.