பழ ஈயின் ஜீனும் ரெட்ரோவைரஸும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கனிந்த வாழைக்குலைகளைச் சுற்றும் சிறு ஈயை அறியாத ஆசிரியர் இரார். பரம்பரையைப் பற்றிய பாடத்தில் அவ்வீ தவறாது இடம்பெறுகிறது. வைரஸ்களைப் பற்றிய பாடத்திலோ அதன் பேச்சே எழுவதில்லை. இப்பிரிவினை பொருந்தாது என்பது எமது கருத்து.

டிரோசோபிலா எனப்படும் அவ்வீயின் டி.என்.ஏ.யில் 'ஜிப்சி' என்றொரு பகுதி உண்டு. அது ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு, மீண்டும் டி.என்.ஏ.யாக மாறி, குரோமோசோமில் வேறோரிடத்தில் பொருந்துகிறது. நூல்கள் இதனைத் 'தாவும் ஜீன்' என்கின்றன. பழைய படி இருந்த இடத்திலேயே இருப்பதால் அப்பெயர் அத்துணைச் சரியன்று. ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யை ஆக்கும் என்சைமை 1970-இல் டெமினும் பால்டிமோரும் ரெட்ரோவைரஸ்களில் கண்டறிந்தனர். எச்.ஐ.வி.யும் அவ்வினத்ததே.

ஒற்றுமை இத்துடன் நிற்கவில்லை. ரெட்ரோவைரஸைப் போலவே ஜிப்சிக்கும் புறவுறைப் புரோட்டீனுக்கான ஜீன் உண்டு. 1994-இல் ஆராய்ச்சியாளர், செயல்படும் ஜிப்சி இல்லாத ஈக்களின் புழுக்களுக்கு, ஜிப்சி உடைய ஈக்களின் சாற்றை உணவில் கலந்து ஊட்டினர். அவற்றின் சந்ததியில் ஜிப்சி புதிதாகக் குடியேறியிருந்தது! ரெட்ரோவைரஸ் முதுகெலும்புள்ளவற்றிற்கே உரியது என்ற எண்ணம் அதனால் தளர்ந்தது.

அவ்வுறை எங்கிருந்து கிட்டியது? கள ஊழியர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் இலை தின்னும் புழுவை ஒழிக்க, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் சோதித்த வைரஸ், பாக்குலோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்திற் சிலவற்றின் உறைப் புரோட்டீன் ஜிப்சியினுடையதை ஒத்திருக்கிறது. ஜிப்சியின் மூதாதை அதனைப் பாக்குலோவைரஸிடமிருந்து பெற்றது என்ற விளக்கம் 2000-இல் வெளிவந்தது. எதிர்த்திசைப் போக்கும் உண்டு. அந்துப்பூச்சி ஒன்றின் இடம்பெயரும் பகுதி பாக்குலோவைரஸினுள் புகுந்திருந்தமை 1982-இல் அறிவிக்கப்பட்டது. முதுகெலும்புள்ளவற்றின் ரெட்ரோவைரஸ்களோ தம் உறையை வேறிடத்திலிருந்து பெற்றவை. ஒரு குடும்பத்துச் சகோதரர் இருவர் வெவ்வேறு கடையில் மேலாடை வாங்கியது போலத்தான் இது. ஒன்று மற்றதன் தாய் என்று கரும்பலகையில் எழுதுதல் பிழை.

2018-இல் நிபா நோய் கேரளத்தைத் தாக்கிய பின்னர், வைரஸ் என்ற சொல்லே மக்களுக்கு அச்சமூட்டுகிறது. புழுவுக்கு வைரஸ் தெளிக்கும் ஊழியரை, "இது எங்கள் உடலிலும் குடிபுகுமோ?" என்று விவசாயி வினவினால், மழுப்பலான விடை போதாது. பாக்குலோவைரஸ் ரெட்ரோவைரஸ் அன்று. அது மனித உயிரணுக்களில் பெருகுவதுமில்லை. மனித டி.என்.ஏ.யில் ஏறக்குறைய 8 விழுக்காடு, பண்டைய ரெட்ரோவைரஸ்கள் விட்டுச்சென்ற எச்சமே என்பதையும் அவர் உடன் கூறலாம்.