மெய் சொல்லும் ஒலிபெருக்கி

கல்முனைப் பகுதி மூத்தம்மாமாரின் கவிகளை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விழையும் மாணவர் சிலர், எந்த ஒலிபெருக்கி வாங்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. கல்யாண வீட்டுப் பெட்டிபோல் அதிர்வது வேண்டாம் என்பேன். அது குரலுக்கு இல்லாத கனத்தைக் கூட்டிக் காட்டும். அதை நம்பிக் கனத்தைக் குறைப்பவர், மூதாட்டியின் உண்மைக் குரலையே மெலியச் செய்துவிடுவார். பாடியவர் மறைந்தபின் அதற்குப் பரிகாரம் ஏது?

1978இல் வெளிவந்த யமஹா என்.எஸ்.10 செவிக்கு இனியதன்று. குறையை மறைக்காததாலேயே ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பெற்றது. 2001இல் அதன் உற்பத்தி நின்றது, தேடி அலையவேண்டியதில்லை. ஐந்தங்குலக் கூம்புடைய சிறிய இணை நம் அறைகளுக்குப் போதும். சுவரோடு ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலிகள் வீங்கும். சற்று விலக்கி, இரண்டும் நம் தலையும் சமபக்க முக்கோணமாக அமையச் செவிமட்டத்தில் வைக்கவேண்டும். வெறுஞ் சீமெந்துச் சுவரின் எதிரொலியைப் பஞ்சு மெத்தை தணிக்கும். (மருதமுனைச் சாறன் அழகுதான், ஒலியை விழுங்காது.) நன்கறிந்த பழைய பாட்டுகளை ஒரு வாரமேனும் அதில் கேட்டுப் பழகிய பின்னரே கவியில் கைவைக்கலாம், அப்போதும் மூலப் பதிவைத் திருத்தாமல் தனியே வைத்திருக்கவேண்டும்.