மூத்தது பொறுப்பு, கடைக்குட்டி செல்லம்... பிறந்த வரிசை குணத்தைத் தீர்மானிக்கிறதா?

‘மூத்தவன் பொறுப்பானவன், நடுவுல பொறந்தது பிடிவாதம், கடைக்குட்டின்னா செல்லம்’ - வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு இது. இப்போது ‘மூத்த மகள் சிண்ட்ரோம்’ என்ற பெயரில் சமூக வலைதளங்களிலும் வலம் வருகிறது. மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது. சரி, பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டா?

எங்கிருந்து வந்தது இந்தக் கருத்து?

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் இதை முன்வைத்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த குழந்தை தன் ‘அரியணையை’ இழக்கிறது, அந்த அனுபவம் அதன் குணத்தை வடிவமைக்கிறது என்றார். 1996-ல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் சல்லோவே, மூத்தவர்கள் மரபைக் காப்பவர்கள், இளையவர்கள் கலகக்காரர்கள் என்று ஒரு நூலே எழுதினார்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2015-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஜெர்மன் ஆய்வாளர்கள் அலசினர். கலகலப்பு, பொறுப்புணர்வு, அனுசரித்துப் போவது, மன உறுதி எதிலும் பிறந்த வரிசையின் தாக்கம் தென்படவில்லை. அதே ஆண்டு, சுமார் 3.77 லட்சம் அமெரிக்கப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால், அன்றாட வாழ்வில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியது.

2024 இறுதியில் கனடா ஆய்வாளர்கள் மைக்கேல் ஆஷ்டன், கிபியோம் லீ ஆகியோர் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களை ஆராய்ந்தனர். நடுப்பிள்ளைகளும் கடைசிப் பிள்ளைகளும் நேர்மை, பணிவு, இணக்கத்தில் சற்று முன்னே இருந்தனர். ஆனால், இதில் பெரும்பகுதிக்குக் காரணம் வரிசை அல்ல, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதே. கூடப் பிறந்தவர்கள் அதிகம் என்றால், பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் கூடுதலாக வந்திருக்கலாம்.

பிறகு ஏன் உண்மைபோலத் தெரிகிறது?

வயதுதான் காரணம். 15 வயது அக்காவையும் 9 வயது தம்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்காதான் பொறுப்பாகத் தெரிவாள். தம்பிக்கு 15 வயது ஆகும்போது அவனை யாரும் அன்றைய அக்காவோடு ஒப்பிடுவதில்லை.

அறிவுத்திறனில் மட்டும் வித்தியாசமா?

ஆமாம், சிறிதளவு. நார்வேயில் ராணுவப் பணிக்கு வந்த இளைஞர்களிடம் நடந்த 2007 ஆய்வில், மூத்தவர்களின் ஐ.க்யூ. சராசரி இரண்டாமவர்களைவிட 2 முதல் 3 புள்ளிகள் அதிகம். இதில் ஒரு முக்கியமான சங்கதி: அண்ணனோ அக்காவோ சிறு வயதிலேயே இறந்து, தானே மூத்தவனாக வளர்ந்த இரண்டாம் பிள்ளைகளும் மூத்தவர்களுக்கு நிகராக மதிப்பெண் பெற்றனர். ஆக, பிறந்த வரிசையைவிட வளர்ந்த இடமே கணக்கில் வருகிறது.

இந்தியாவில் என்ன நிலை?

இங்கே வரிசையின் விலை உடம்பில் தெரிகிறது. பொருளாதார அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே 2017-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் குழந்தைகளின் உயரத்தை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உயரத்தோடு ஒப்பிட்டது. முதல் குழந்தையில் இந்தியா பின்தங்கவில்லை. இரண்டாவதில் தொடங்கும் பின்னடைவு, மூன்றாவதில் கூடுகிறது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் குறைகின்றன. மூத்த மகனுக்கு முன்னுரிமை தரும் வழக்கமே இதற்கு முக்கியக் காரணம் என்கிறது ஆய்வு. சுகாதாரக் குறைபாடு உள்ளிட்ட வேறு காரணங்களைச் சுட்டும் ஆய்வாளர்களும் உண்டு.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். நடுப்பிள்ளை என்பதே அரிதாகி வருகிறது. ஆனால், ‘நீதானே மூத்தவ, விட்டுக்கொடு’ என்பது இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டிலும் ஒலிக்கிறது. அக்காவின் பொறுப்பை அவளது பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், வீட்டு வேலையைத் தம்பிக்கும் பிரித்துக் கொடுக்கும் கேள்வியே எழாமல் போய்விடும்.